மணவாளர் மகள் நட்சத்திரத்துக்குப் பூட்டுப் போட்ட படலம்

"ஒத்துக்க மாட்டேன்னா ஒத்துக்க மாட்டேன்! என் பொண்ணு எந்த நட்சத்திரத்துல பொறந்தா அவனுக்கு என்னா?"

"எவனுக்குங்க? அது கம்ப்யூட்டரு. கம்ப்யூட்டரா உங்க பொண்ணக் கட்டிக்கப் போவுது?"

"கம்ப்யூட்டருக்குப் பின்னால எவனாச்சும் ஒக்காந்திருப்பான்டி!"

"ஒக்காந்திருந்தா ஒக்காரட்டும். வெள்ளிக்கெழம சாயந்தரத்தோட நம்ம பக்கத்தையே அழிச்சுப்புடுவாங்களாம். அப்பறம் அந்த நட்சத்திரத்த நீங்களே கட்டிக்கிட்டு அழுவுங்க!"

இவ்வாறு, கடலூர்ப் புதுப்பாளையத்துத் தெருவொன்றில், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு கொதிக்கும் முற்பகல் வேளையிலே, ஒரு கைப்பேசியை நடுவில் வைத்து மணவாளரும் அவர் மனைவி தில்லையம்மாளும் இருபெரும் படைகளெனப் பொருத பேரொலி எழுந்து, கெடிலக்கரை நாரைகளைக் கிளப்பி, சில்வர் பீச்சின் அலைகளைச் சற்றே பின்வாங்கச் செய்து, தெருவிலுள்ள அத்தனை வீட்டிலும் டிவிச் சத்தத்தை ஒருசேரக் குறைக்க வைத்தது. ஒட்டுக்கேட்க வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. காதைப் பொத்தினாலும் கேட்கிற குரல் அது. பொத்துவானேன் என்று விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாழ்க மணவாளர்! செம்புக்கம்பி சுற்றும் செங்கைச் செல்வர் வாழ்க! எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாரெல்லாம் எவர் கைபட்டு மீண்டும் உயிர்பெற்று உறுமுமோ, எவர் பட்டறை இரைச்சலில் முப்பது ஆண்டு நின்றமையால் தம் காது சிறுத்துக் குரல் பெருத்தாரோ, எவர் ரேஷன் கடை வரிசையில் தம் அட்டையை மார்போடணைத்து நின்று, கடைக்காரரிடமும் பாதியே காட்டுவாரோ, அந்த மந்தணக் காவலர், மறைபொருட் செல்வர், பேருந்தில் இறங்கும் ஊரைக்கூட நடத்துநர் காதில் மட்டும் சொல்ல முயன்று பேருந்து முழுவதற்கும் சொல்லிவிடும் பேராண்மையாளர் வாழ்க!

இத்தகு வீரர்க்கு ஒரு கொள்கை உண்டு. எழுத்து நிற்கும், சொல் காற்றோடு போய்விடும். ஆகவே, எதையும் எவர்க்கும் எழுதிக் கொடுக்கலாகாது. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். இக்கொள்கையின் பயனாக, அவர் வீட்டு இரகசியம் ஒன்றுகூட எந்தக் காகிதத்திலும் இல்லை. தெருவில் உள்ள எல்லார்க்கும் தெரியும், அது வேறு.

அவர் காத்த இரகசியங்களுள் தலையாயது மகள் கயல்விழியின் நட்சத்திரம். மூலம். பெண் மூலம் நிர்மூலம் என்று எவரோ எதுகைக்கு ஆசைப்பட்டுச் சொல்லிவைத்துப் போனதையும், மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று அதற்கு உரை எழுதிச் சேர்த்ததையும் நம்பி, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த வரன் காபி டம்ளரைக் கீழே வைக்குமுன் எழுந்து போயிற்று. மேல்பட்டாம்பாக்கத்து வரனுடைய தகப்பனாரோ, சேதி கேட்ட அன்றே ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொண்டாராம். கயல்விழி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். ஊரார் கண்ணில் அரைப் புள்ளி கூடுதலா குறைவா என்று துல்லியமாகச் சொல்பவள். "என் நட்சத்திரத்தப் பாக்கறவங்களுக்கு நான் தெரியவே மாட்டேங்கறேம்மா" என்று அவள் ஒருநாள் சமையலறையில் சொல்லியதும், அதைக் கேட்டுத் தில்லையம்மாள் இன்னும் நாலு வெங்காயம் எடுத்து உரித்ததும் தெரு அறியும்.

இந்நிலையிற்றான், வெள்ளாற்றுமாலை டாட் காம் என்னும் திருமணத் தகவல் தளத்திலே மகளுக்கு ஒரு பக்கம் திறந்தார் மணவாளர். சிதம்பரத்தில் ஒரு மாடியறையிலிருந்து நடக்கும் சிறு தளம். ஆயினும் அதன் காவலோ பெருங்கோட்டைக் காவல். கேட்ட கட்டங்களில் பேரும் படிப்பும் நிரப்பிவிட்டு, நட்சத்திரம் என்னும் கட்டத்தில் மகள் உண்மையை எழுத, அதன்மேல் ஒரு பூட்டுப் படத்தை அழுத்தி மறைத்தார் தந்தை. பூட்டிய கட்டத்தை எவரும் காண இயலாது. வரன் வீட்டாரும் தம் கட்டங்களுள் ஒன்றைப் பூட்டியிருந்தால், இருவரும் ஒருசேர இசைந்து அழுத்தினாலன்றி இரண்டில் எதுவும் திறவாது.

அங்கேதான் கண்டார்கள் எழிலன் பக்கத்தை. சிதம்பரத்துப் பையன், கிள்ளைப் பக்கம் இறால் பண்ணையில் வேலை. தன்னைப் பற்றி அவன் எழுதியிருந்தது இரண்டே வரி: "குட்டைத் தண்ணீரில் உப்புப் பார்ப்பது என் தொழில். சாப்பாட்டில் பார்க்க மாட்டேன்." இதைப் படித்துக் கயல்விழி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நாளாகியிருந்தது. படம் நன்று, படிப்பு நன்று, ஊரும் பக்கம். ஆனால் தந்தை என்னும் கட்டத்தில் மட்டும், அந்தோ, ஒரு பூட்டு!

"அப்பன் பேருக்கு எவனாச்சும் பூட்டுப் போடுவானா?" என்று முழங்கினார் மணவாளர். "ஜெயில்ல இருக்கானோ, எங்க இருக்கானோ!"

"நம்ம பூட்டத் தொறந்தா அது தொறந்துடப் போவுது," என்றாள் கயல்விழி.

"தொறக்கறதா? நான் பாக்கணும். காட்ட மாட்டேன்."

பார்க்க வேண்டும், காட்டக் கூடாது! ஆழ்ந்து நோக்கின் இது ஒருவர் வீட்டு வழக்கமன்று. நம் பக்கத்துப் பெண் வீட்டார், பையன் வீட்டார் அனைவர்க்கும் பொதுவான போர்முறையே. முதலில் எட்டிப் பார்த்தவர் தாழ்ந்தவர். முதலில் போன் செய்தவர் தாழ்ந்தவர். இரு வீட்டாரும் தத்தம் திரைக்குப் பின்னின்று எதிர்த்திரை விலகட்டும் என்று காத்திருக்க, பிள்ளைகளுக்கு நரை விழும்.

இவ்வமயம் பார்த்துத் தளத்தார் புதிய தகவல் காப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் எழுதியது எளிய தமிழ்தான். மணவாளர் அதைத் தெருமுனை வரை கேட்க வாய்விட்டுப் படித்தபோது அது இவ்வாறு ஒலித்தது:

"கேண்மின் வருவோரே! நும் பெயரும் ஊரும் கைப்பேசி எண்ணும் யாம் கொள்வோம். எவர் பக்கத்தை எத்துணை நேரம் உற்றுநோக்கினீர் என்பதைக் குக்கீ என்னும் எம் ஒற்றர் வாயிலாக அறிவோம். அறிந்தது கொண்டு நுமக்கேற்ற வரனை நும் கண்முன் நிறுத்துவோம். நும் எண்ணைக் கடன் கொடுப்போர்க்கும் மனை விற்போர்க்கும் ஒருகாலும் ஈயோம். பூட்டிய கட்டத்தை இருவர் இசைவின்றித் திறவோம். பக்கத்தை எவர் பார்த்தாலும், பார்த்தவர் ஊரைப் பார்க்கப்பட்டவர்க்குச் சொல்வோம். இசைவோர் இசைக, இசையாதார் பக்கம் வெள்ளி மாலையோடு அழிக!"

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் மணவாளர் குரல் உடைந்தது. பார்த்தவர் ஊரைச் சொல்வார்களாம்! இந்த மாதம் முழுதும், இரவும் பகலும், பட்டறையிலும் படுக்கையிலும் அவர் எழிலன் பக்கத்தை எட்டிப் பார்த்திருக்கிறாரே! 'கடலூரிலிருந்து ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்த்தார், பார்த்தார், மீண்டும் பார்த்தார்' என்று அங்கே போய்ச் சேர்ந்திருக்குமானால், பெண் வீட்டு மானம் என்னாவது?

சினந்தெழுந்தார் சிங்கம். முதற்கண், கைப்பேசியின் கேமரா தம் முகத்தைக் களவாடாதிருக்கத் தில்லையம்மாளின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அதன் கண்ணில் ஒட்டினார். அன்று மாலை கயல்விழி அதில் எடுத்த செல்ஃபிப் படமெல்லாம் அரக்கு நிறத்தில் இருண்டு கிடந்தன. "ஏம்ப்பா, அம்மா ஒரு வாரமா வச்ச பொட்ட எடுத்து ஒட்டியிருக்கீங்க, குங்குமங்கூட ஒட்டிக்கிட்டிருக்கு" என்று துடைத்துக்கொடுத்தாள் மகள். அடுத்து, மாறுவேடப் படலம். எதிர்வீட்டுச் சாமிக்கண்ணுவின் கைப்பேசியை வாங்கி, அதிலிருந்து வேற்றாளாய் உட்புகுந்து வேவு பார்க்கத் துணிந்தார். கோட்டை வாயில் கைப்பேசி எண் கேட்டது. பழக்க தோஷத்தால் தம் எண்ணையே அடித்தார். ஓடிப்போய்த் தம் கைப்பேசியில் வந்த ஓடிபியை வாசலில் நின்று உரக்கப் படிக்க, சாமிக்கண்ணு தட்ட, திரை மலர்ந்து, 'மணவாளன் அவர்களே, மீண்டும் வருக!' என்று பூமாரி பொழிந்தது.

"மாமா, அவன் உங்கள அடையாளம் கண்டுக்கிட்டான்," என்றான் சாமிக்கண்ணு.

"பாத்தியாடா! பின்னால எவனோ ஒக்காந்திருக்கான்னு சொன்னேன்ல!"

மூன்றாவதாக, மூலத்தை அழித்து ரோகிணி என்று மாற்றிவிட்டுப் பூட்டைத் திறந்து எதிரியின் பூட்டையும் திறப்பித்துவிடும் வஞ்சகப் போர் ஒன்றும் அவர் உள்ளத்தில் உருவாயிற்று. அதைக் கேட்டு மகள் முகம் வாடியதைக் கண்டு அவரே கைவிட்டார். அவர் சத்தமானவர், பொய்யர் அல்லர். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழனன்று கயல்விழி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நாளையோட அழிஞ்சுடும்ப்பா. அவுரு நம்பர் கூட நம்மகிட்ட இல்ல. உப்பு பாக்க மாட்டேன்னு சொன்ன ஆளு இனிமே எனக்கு எங்க கெடைப்பாரு?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்தார் மணவாளர். இசையவும் மாட்டேன், அழியவும் விடேன். நேரில் போய் அவர்களை ஒரு கை பார்க்கிறேன் என்று வஞ்சினம் கூறினார் வீரர்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த மகளை உடன்கொண்டு, வெள்வேட்டி வரிந்து கட்டி, மஞ்சள் பையே கேடயமாய்க் கக்கத்தில் இடுக்கி, சிதம்பரம் பேருந்தில் ஏறினார். ஆலப்பாக்கம் கடந்தது, புதுச்சத்திரம் கடந்தது, பி.முட்லூரில் மணிலாக்கடலை விற்கிறவர் ஏறி இறங்கினார், வெள்ளாறு கண்டது. கண்டதோடு பேருந்தில் உள்ளோர் அனைவரும், அவர் சிதம்பரம் போவது எதற்கென எவரிடமும் சொல்லக் கூடாது என்று மகளை எச்சரித்ததையும் கேட்டனர்.

மேல வீதியை ஒட்டிய சந்தில், பூசைச் சாமான் கடையின் மாடியில் இருந்தது தளத்தாரின் அலுவலகம். கைப்பேசியில் இசைய மறுத்தவர்களெல்லாம் கடைசி நாளில் நேரே வந்து குவிந்திருந்ததால் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து கிடந்தன. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்காதது போல் சுவரைப் பார்த்திருந்தனர். அங்கு எவரையும் பேர் சொல்லி அழைப்பதில்லை; டோக்கன் எண் சொல்லியே அழைப்பர். முகம் தெரியாதிருக்க மேசைக்கு மேசை தடுப்பு வைத்திருந்தனர். தகவல் காப்பில் அத்துணை நுண்மை!

டோக்கன் எண் வந்ததும் மணவாளர் மேசைமுன் சென்றமர்ந்தார். எதிரே பிரிசில்லா, நடு வகிடும் நிதானமும் கொண்ட இளம்பெண். மெல்லிய குரலில் அவள் கூறினாள்:

"சார், கணக்கு உங்களோடதுதானான்னு உறுதி பண்ணணும். மூணே கேள்வி. மெதுவா சொன்னா போதும். இல்லன்னா இந்தத் துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டுங்க, உடனே கிழிச்சுடறேன்."

"எழுதறதா?" மணவாளர் நிமிர்ந்தார். "நான் ஏமாந்தவன் இல்லம்மா. வாயால சொல்றேன். கேளு."

"அப்பா, எழுதியே குடுத்துடுங்கப்பா," என்று கெஞ்சினாள் கயல்விழி.

"நீ சும்மா இரு. எழுத்துன்னா நிக்கும்."

அவ்வளவில், முரசு முழங்கிற்றோ, கார்மேகம் இடித்ததோ, பொன்னம்பலத்து மணியெல்லாம் ஒருசேர ஆடிற்றோ என்று கீழ்த்தளத்துக் கற்பூரக் கடைக்காரர் ஐயுற்று அண்ணாந்து பார்க்கும்படியாக, மந்தணக் காவலர் மேடையேறாது மேடை முழக்கம் செய்தார்:

"என் பேரு மணவாளன்! கடலூரு, புதுப்பாளையம்! மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டற! பொண்ணு பேரு கயல்விழி, கண்ணாடிக் கடையில வேல! பூட்டி வச்ச கட்டத்துல என்னா எழுதியிருக்குன்னு கேக்கறியா? மூலம்! மூல நட்சத்திரம்! இத எவங்கிட்டயும் சொல்லிடாத!"

காற்றோடு போகவேண்டிய சொற்கள் காற்றோடுதான் போயின. போகும் வழியில் ஒவ்வொரு பிளாஸ்டிக் நாற்காலியிலும் சற்று உட்கார்ந்து போயின. கயல்விழி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பிரிசில்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

மூன்றாம் நாற்காலியில் இருந்த ஓரம்மாள் எழுந்து வந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும். கையில் இன்னும் அழைக்கப்படாத டோக்கன்.

"ஏங்க, புதுப்பாளையத்துக் கண்ணாடிக் கடப் பொண்ணா இது?"

மணவாளர் வெகுண்டார். "உங்களுக்கு எப்புடித் தெரியும்? இவுங்க வித்துட்டாங்களா? நான் அப்பவே சொன்னேன்!"

"நீங்கதாங்க இப்ப சொன்னீங்க. கீழ டீக்கட வரைக்கும் கேட்டிருக்கும்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "என் பேரு மங்கலம். எழிலனோட அம்மா. ஒரு மாசமா உங்க பொண்ணு பக்கத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். பாக்கறது உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான் இந்தக் கொள்கைய ஒத்துக்க மாட்டேன்னு சொல்ல வந்தேன்."

"மேடம், வேணாம். உங்க தகவல நீங்களே சொல்லிடாதீங்க," என்று பதறினாள் பிரிசில்லா. காவல் தெய்வமே இறங்கி வந்தாற்போல் தடுப்பைக் கையால் இழுத்து நடுவில் நிறுத்தினாள். மங்கலம் தடுப்புக்கு மேலாகவே எட்டிப் பேசினாள்.

"மூலம்னா மாமனாருக்குத்தானங்க ஆகாதுன்னு சொல்லுவாங்க? எங்க வூட்டுல மாமனாரே இல்லீங்க. அவுரு மாரடைப்புல போயி ஆறு வருஷம் ஆவுது. அப்பா இல்லாத வூடுன்னா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு நான்தான் அந்தக் கட்டத்துக்குப் பூட்டுப் போட்டேன். எங்க பையன் வேணாம்னுதான் சொன்னான்."

"அப்புடியாங்க?" என்று மணவாளர் கேட்டது பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி நடந்தது அன்றுதான் என்பர். ஒரு பூட்டுக்குள் இருந்த சாவி மற்றொரு பூட்டுக்குள் இருந்திருக்கிறது. இரண்டையும் இறுகப் பூட்டி வைத்துக்கொண்டு இரு வீட்டாரும் வெள்ளாற்றின் இரு கரையிலும் காவல் காத்திருக்கின்றனர்.

"பேசி முடிச்சுட்டீங்கன்னாலும் நான் எதையும் பதிய முடியாது," என்றாள் பிரிசில்லா, மணியைப் பார்த்தபடி. "ரெண்டு பேரும் இசைகிறேன்னு அமுக்கணும், கொள்கைக்கும் பூட்டுத் தொறக்கவும் சேத்து ஒரே பொத்தான்தான். அலுவலகம் மூடறதுக்குள்ள. இல்லன்னா ரெண்டு பக்கமும் தானா அழிஞ்சுடும்."

மங்கலம் தன் கைப்பேசியில் அழுத்தினாள். எல்லார் கண்ணும் மணவாளர்மேல்.

"அமுக்குங்கப்பா," என்றாள் கயல்விழி. துப்பட்டா முகத்தை விட்டு இறங்கியிருந்தது.

பெருவிரலை உயர்த்தினார் பெருவீரர். மத்தகம் நோக்கிப் பாயும் அங்குசமென அது இறங்கித் திரையைத் தொட்டது. திரை அசையவில்லை. மீண்டும் தொட்டார். அசையவில்லை. முப்பது ஆண்டு மோட்டாருக்கு வார்னிஷ் பூசிப் பூசி, அவ்விரலின் தோல் விறைத்து, ரேகை தூர்ந்து, அன்று காலை பட்டறையில் பூசியதும் மேலே காய்ந்து படிந்து, தோலுக்கும் தகரத்துக்கும் வேறுபாடு அறியாத நிலையில் இருந்தது. இத்தனை நாள் இசையேன் என்று மறுத்த கையை இன்று இசைகிறேன் என்றபோது திரை மறுத்தது! சுட்டுவிரலால் குத்தினார், வேட்டியில் துடைத்துக் குத்தினார், எச்சில் தொட்டுக் குத்தினார், சுண்டுவிரலை அனுப்பினார். விரற்படை பத்தும் புறமுதுகிட்டது.

"நான் அமுக்கறேன்," என்று மகள் கை நீட்ட, "கூடாதுங்க. சார் பேருல கணக்கு. சார்தான் அமுக்கணும்," என்று அறத்தின்வழி நின்றாள் பிரிசில்லா.

கீழே கற்பூரக் கடைக்காரர் பாதி ஷட்டரை இழுக்கும் ஓசை கேட்டது.

அப்போது மணவாளர், எட்டுத் திக்கும் ஒருமுறை நோக்கி, பையை மகளிடம் கொடுத்து, மேசையின் விளிம்பைப் பற்றி, கருடன் பாம்பின்மேல் கவிவதுபோல் கவிந்து, தம் மூக்கினால் கைப்பேசியைத் தாக்கினார்! முதல் தாக்கு வழுக்கி 'இசையேன்' மீது பட்டது. 'உறுதியா?' என்றது திரை. "ஐயோ சார்!" என்று பிரிசில்லா தன் நிதானம் இழந்து எழுந்தாள். "இல்லன்னு அமுக்குங்க! எடதுபக்கம்! எடதுபக்கம்!" என்று மங்கலம் கூவ, நாற்காலிகளில் சுவர் பார்த்திருந்த அத்தனை பேரும் எழுந்து தடுப்புக்கு மேல் தலை நீட்டி, "இன்னும் கொஞ்சம் மேலங்க," "அந்தப் பச்சங்க," "மூச்ச விடாதீங்க, கண்ணாடியில ஆவி படியுது," என்று போர்முறை வகுக்க, இரண்டாம் தாக்கில் 'இல்லை' வீழ்ந்தது, மூன்றாம் தாக்கில், நாசியின் நுனி நடுவண் நிலைபெற, 'இசைகிறேன்' என்னும் பசுமதில் இடிந்து சரிந்து, அங்கொரு பூட்டும் இங்கொரு பூட்டும் ஒருசேரத் திறந்து மறைய, மாடியறை முழுவதும் கைதட்டி ஆர்ப்பரித்தது.

தை மாதம் கயல்விழி எழிலனைக் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்துக்குக் குடிபோய்விட்டாள், அங்கேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலையும் கிடைத்துவிட்டதாம்.